துண்டுக்குள் பேசிய விலை

பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தவன் நான். சும்மா என்றால், திண்டிவனத்தில் என் தாய்மாமனின் மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்திருந்தேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். முப்பதுகளின் நடுப்பகுதி அது. சீமையில் மல்லாட்டை விலை விழுந்திருந்தது. எங்கள் ஊரில் பி.ஏ.வின் விலையும் கூடவே விழுந்திருந்தது. மாமா என்னை வைத்துக்கொண்டது இரக்கத்தினால் அல்ல. ஏற்றுமதிக் கம்பெனிகள் எழுதும் இங்கிலீஷ் கடிதங்களுக்குப் பதில் எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மதராஸில் நான் படித்தது அரசியல் தத்துவம். பாடம் நடத்திய பேராசிரியர் ஒரு நாள் மேஜைமேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, "இது யார் கையிலிருந்து வந்தது என்று இதற்குத் தெரியாது" என்றார். பிறகு முக்கால் மணி நேரம் அதையே விரித்துப் பேசினார். வாங்குகிறவனும் விற்கிறவனும் தாமாக ஒப்புக்கொண்டு செய்கிற ஒப்பந்தம்தான் மனிதனுக்கு மனிதன் காட்டக்கூடிய பெரிய மரியாதை. அதற்குள் ராஜாவும் நுழையக் கூடாது, சாஸ்திரமும் நுழையக் கூடாது. இதுதான் பாடத்தின் சாரம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பிடித்த விஷயத்தைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு அப்போது இல்லை. இப்போதும் அதிகம் இல்லை.

திண்டிவனத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. ஜவுளிக்கடை மாடியில் இரண்டு பெஞ்சு, நாலு நாற்காலி, ஒரு வாரம் தாமதமாக வரும் பத்திரிகைகள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வக்கீல்களும் வாத்தியார்களும் தபாலாபீஸ் ஆட்களும் கூடுவார்கள்; யாராவது ஒருவர் பேசுவார். என் முறை வந்தபோது "சந்தையும் சமத்துவமும்" என்று தலைப்புக் கொடுத்தேன். கோயிலுக்குள் விடாத மனிதனை, கிணற்றில் வாளி போட விடாத மனிதனை, சந்தை ஒன்றுதான் வா என்கிறது. வாங்குகிறவன் பார்ப்பது சரக்கை. சரக்குக்கு ஜாதி கிடையாது. ஆகவே சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டால் ஜாதி தானாகத் தேய்ந்து போகும், சட்டம் கிட்டம் ஒன்றும் வேண்டாம். இப்படிப் பேசினேன். கைதட்டினார்கள். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது என்று எழுத ஆசைதான். ஆனால் கூசவில்லை. யாரோ பேசியதை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதுபோலத்தான் நினைவு வருகிறது.

கூட்டம் முடிந்து படி இறங்கினேன். தெருவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை போட்டிருந்தார். மரக்காணம் ரோட்டில் ஐந்து மைல் தள்ளி ஒரு கிராமத்தின் சேரிக்காரர் என்றும், மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர் என்றும் பிறகு தெரிந்தது. இன்று "அவர்" என்று எழுதுகிறேன். அன்று மனசுக்குள் "அவன்" என்றுதான் நினைத்தேன்.

"மேல பேசினது நீங்கதானுங்களா சார்?"

ஆமாம் என்றேன்.

"ஜன்னலுக்குக் கீழ நின்னுக்கினு கேட்டேனுங்க. சந்தையில ஜாதி கெடையாதுன்னு சொன்னீங்க. மெய்யாலுமே சொன்னீங்களா, மீட்டிங்குக்காகச் சொன்னீங்களா?"

கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மெய்யாகத்தான் என்றேன்.

"அப்ப என் மல்லாட்டைய நானே உங்க மண்டிக்குக் கொண்டாரட்டுங்களா?"

விஷயம் இதுதான். அவர் ஒரு நிலக்காரரிடம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். நிலக்காரர் தம் சொந்த மூட்டைகளோடு இவருடைய மூட்டைகளையும் மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் திரும்பி வந்து, இன்ன விலைக்குப் போயிற்று என்பார்.

"நாலு வருசமா அவரு வாயில வர்றதுதாங்க வெல. மெய்யா பொய்யான்னு எனக்குத் தெரியாது. என் சரக்குக்கு இன்னா வெலன்னு ஒரு தபா நானே தெரிஞ்சிக்கணும் சார். நல்ல வெலயா இருந்தா, சொந்தமா ஒரு காணி பாத்து வெச்சிருக்கேன். நெலக்காரரு கோச்சிக்குவாரு. கோச்சிக்கினா குத்தக போயிடும். அதான், உங்களண்ட கேட்டுக்கினு செய்யலாம்னு நின்னேன்."

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் உடனே பதில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "தை பிறந்ததும் கொண்டு வரலாம். நான் இருக்கிறேன்." கொண்டு வா என்று சொல்ல வாய் வரவில்லை, கொண்டு வாருங்கள் என்று சொல்லலாமென்றால் பின்னால் வக்கீல்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அதனால் யாருக்கும் சொல்லாத மாதிரி பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

மண்டியில் விலை பேசும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். வாய் திறந்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள். தரகரான மாமா தம் கையை நீட்டுவார். கம்பெனி ஏஜெண்டு தம் கையை நீட்டுவார். இரண்டு கையின் மேலும் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஏஜெண்டு மாமாவின் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, நாலு பிடித்தால் நாலு, விரலின் நடுக்கணுவைக் கிள்ளினால் அரை, நுனியைக் கிள்ளினால் கால். அடுத்த ஏஜெண்டும் அப்படியே. யார் என்ன வைத்தார் என்று மற்றவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கும். கடைசியில் மாமா சரக்குக்காரர் பக்கம் திரும்பி, அதே துண்டுக்குள் அவர் கையைப் பிடித்து, வந்ததில் பெரிய விலையை விரலால் சொல்லுவார். சரக்குக்காரர் விரலை அழுத்தினால் சம்மதம், கையை உதறினால் இல்லை. தப்பித் தவறி விலை வாய்வழியாக வெளியே வந்துவிட்டால் அந்தப் பேச்சு செத்தது. விலை வைத்தவர் விலகிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆக, விற்கிறவன் தன் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இன்னொருவன் அவன் கையைத் தொட வேண்டும். தினமும் காலை முதல் மத்தியானம் வரை இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த மண்டியில் உட்கார்ந்துதான் சந்தைக்கு ஜாதி கிடையாது என்ற சொற்பொழிவையும் எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இதற்குத்தான் பி.ஏ. பட்டம்.

பொங்கல் கழிந்த மறுவாரம் அவர் வந்தார். வாடகை வண்டியில் பதினோரு மூட்டை. அவர் மனைவி வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்திருந்தாள். மண்டிக்கு வெளியே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். சரக்கை இறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டைகள் மற்ற மூட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி இறங்கின.

ஏஜெண்டுகள் வந்தார்கள். குத்தூசியால் சாக்கைக் குத்திக் காய் எடுத்தார்கள். காதருகே ஆட்டிப் பார்த்தார்கள், உடைத்தார்கள், மென்றார்கள். புதுச்சேரி ஏஜெண்டு இன்னொரு பிடி எடுத்து மென்றார்.

"சரக்கு நல்லாக்கீது. கல்லு மண்ணு ஒண்ணுமில்ல. யாரு பொடச்சது?"

"என் சம்சாரங்க," என்றார் அவர்.

துண்டு விழுந்தது. ஒவ்வொரு ஏஜெண்டாக மாமாவின் கையில் விலை வைத்தார்கள். கடைசிக் கை வெளியே வந்ததும், சரக்குக்காரர் பக்கம் திரும்ப வேண்டிய மாமா திரும்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சேரிக்காரர் கையை மாமா தொட மாட்டார் என்பது எல்லாருக்கும் எப்போதோ தெரிந்திருந்தது. எனக்குத்தான் அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

"வாயால் சொல்லிவிடுங்களேன் மாமா," என்றேன்.

"வாயால சொன்னா அதுக்குப் பேரு மண்டியா? நாளைக்கு எவன் என் துண்டுல கைய வுடுவான்?" மாமா குரலை உயர்த்தவில்லை. அவருக்கு உண்மையாகவே கோபம் இல்லை. "நான் இவன வெளிய போன்னு சொன்னனா? சொல்லல. சரக்க எறக்க வுட்டேன். பாத்தாங்க, வெல வெச்சாங்க. இது என் கை மாப்ளே. இத எங்க வெக்கிறது, எங்க வெக்கக் கூடாதுன்னு நான்தான முடிவு பண்ணணும்? யாரும் யாரையும் கட்டாயம் பண்ணக் கூடாதுன்னு மாடியில பேசினியாமே. வக்கீலு சொன்னாரு. சரியாத்தான் பேசிக்கினு இருந்திருக்கே."

ஏஜெண்டுகள் சிரித்தார்கள். மாமா நான் படித்த புத்தகங்களில் ஒரு வரி படித்தவரில்லை. ஆனால் அந்த வகுப்பில் நாங்கள் நாற்பது பேர் இரண்டு வருஷம் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் இரண்டு நிமிஷத்தில் கேட்டுவிட்டார். அங்கே யாரும் யாருடைய சுதந்திரத்திலும் கைவைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் தம் உரிமைப்படி நின்றுகொண்டிருந்தார்கள். அவரவர் உரிமையைக் கூட்டிப் பார்த்தால், பதினோரு மூட்டைக்காரருக்கு மட்டும் விலை இல்லை.

அப்போது அவர் பேசினார்.

"சார் கை இருக்குதுங்களே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மொதலாளி கையில நீங்க கேட்டுக்கினு, என் கையில சொல்லுங்க சார். வாயால வேணாங்க. வாயால சொல்ற வெலய நாலு வருசமா கேட்டாச்சி."

மாமா ஒரு கணம் யோசித்தார். பிறகு துண்டை மறுபடி எடுத்து என் கையை அதற்குள் இழுத்தார். நாலு விரல் பிடித்தார், ஐந்தாவது விரலின் நுனியைக் கிள்ளினார். மூட்டைக்கு நாலேகால் ரூபாய். புதுச்சேரிக்காரர் வைத்த விலை. நிலக்காரர் நாலு வருஷமும் மூன்று ரூபாய்க்கு மேல் சொன்னதில்லை என்று அவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

மூட்டைக்காரர் தம் தோளிலிருந்து துண்டை எடுத்தார். வெளுத்து மடித்த துண்டு. இதற்காகவே கொண்டுவந்திருக்க வேண்டும். அதைத் தம் முன்கைமேல் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டு முழம் தூரத்துக்குக் கையை நீட்டுவது. இதை எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அருவருப்பு இல்லை. மாமாவிடம் பயம் கொஞ்சம் இருந்தது, ஆனால் அது போதாது. அம்மாவை நினைத்தேன், ஊரை நினைத்தேன் என்றெல்லாம் எழுதினால் பொய். ஒன்றும் நினைக்கவில்லை. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். அந்த அசிங்கமான இடைவெளியை எதைப் போட்டாவது நிரப்பிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"நாலேகால்," என்றேன். "மூட்டைக்கு நாலேகால் ரூபாய்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக அந்த மண்டியில் இருந்தவன், விலை வாயில் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன், அதைக் கூவினேன். புதுச்சேரி ஏஜெண்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வெல வெளிய வந்துடிச்சி. எனக்கு வேணாம்பா."

மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். மாமா என்னைத் திட்டினார். என்ன திட்டினார் என்பது நினைவில்லை.

அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கினார். துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலேகாலுங்களா?" என்றார் என்னிடம். "சரிங்க. கேட்டுக்கினேன்."

பிறகு அவரும் வண்டிக்காரரும் பதினோரு மூட்டையையும் திரும்ப ஏற்றினார்கள். பாதியில் அவர் மனைவியும் வந்து கைகொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏற்றி முடிக்கும்வரை உள்ளே போகவில்லை. அதுதான் என்னால் முடிந்த மரியாதை என்று நினைத்தேனோ என்னவோ.

நடந்ததெல்லாம் நிலக்காரர் காதுக்கு அன்று மாலையே போய்விட்டது. பதினோரு மூட்டையையும் அவரே எடுத்துக்கொண்டார், இரண்டே முக்காலுக்கு. ஆடியில் குத்தகை வேறொருவருக்குப் போயிற்று. பார்த்து வைத்திருந்த காணியும் கைமாறியது. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த வண்டிக்காரர் வந்து இதைச் சொன்னார். கேட்டுக்கொண்டே மோர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. இடித்துக்கொண்ட முழங்கால் மரத்துப்போய்க் கிடக்குமே, அப்படிக் கிடந்தது. பிறகு வலிக்கும் என்று காத்திருந்தேன். வலி வரவே இல்லை.

வாசகசாலையில் மறுபடி பேசக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

சில வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. துண்டுக்குள் விலை பேசுவதைத் தடுத்துவிட்டு, சர்க்கார் கமிட்டி ஒன்று மல்லாட்டை விற்பனையை மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. விழுப்புரத்தில் கமிட்டியின் யார்டு திறந்தபோது மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட்டேன். இங்கிலீஷ் வந்ததால் கிடைத்தது. மாமா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். எங்கள் யார்டில் ஒவ்வொரு குவியலுக்கும் ஏஜெண்டுகள் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மணி அடித்ததும் பெட்டியைத் திறந்து, எந்தக் குவியலுக்கு எது பெரிய விலை என்று குமாஸ்தா உரக்கப் படிப்பார். யார் கையையும் யாரும் தொட வேண்டியதில்லை. "எந்தப் பிறப்பைச் சேர்ந்தவரும் தம் சரக்கைத் தாமே கொண்டுவந்து விற்கலாம்" என்று வாசலில் ஒரு போர்டு வைத்தேன். வாசகம் நான் எழுதியது. மேலே கேட்டு அனுமதி வாங்க ஐந்து மாதம் ஆயிற்று.

அதற்குள் என் எண்ணம் மாறியிருந்தது. சந்தை என்பது காற்று, மழை மாதிரி தானாக இருப்பது என்று காலேஜில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. துண்டும் மனிதன் போட்டது, பெட்டியும் மனிதன் வைத்தது. எப்படிப் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று யாரோ முன்பே முடிவு செய்துவிட்ட பிறகுதான் நாம் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறோம். இதைப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. எழுதியது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

போர்டு மாட்டிய அன்று அவர் நினைவு வந்தது. திண்டிவனம் வண்டிக்காரர்களிடம் விசாரித்தேன். கோலியனூர் பக்கம் மனைவியின் சொந்தக்காரர்களோடு இருக்கிறார், விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறார் என்றார்கள். என் யார்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

காலை பத்து மணிக்குப் போனேன். ரேஷன் அரிசி வேகனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவரை எனக்கு உடனே தெரியவில்லை, இளைத்திருந்தார். அவருக்கு என்னைத் தெரிந்தது. மூட்டையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"சௌக்கியங்களா சார்?"

நான் யார்டைப் பற்றிச் சொன்னேன். சீட்டு, பெட்டி, மணி, குமாஸ்தா எல்லாவற்றையும் சொன்னேன். "இப்போது துண்டே கிடையாது. விலையை எல்லாரும் கேட்கும்படி படிக்கிறோம். நீங்களே கொண்டுவரலாம். நீங்களே விற்கலாம்." நீங்கள் என்ற வார்த்தை சிரமமில்லாமல் வந்தது.

அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல ஏற்பாடுங்க," என்றார். "ஆனா இன்னாத்த சார் கொண்டாரது?"

எங்கள் சட்டம் மூட்டையோடு வருகிறவனைப் பற்றியது. அது மூட்டையில் ஆரம்பித்தது. அவரிடம் மூட்டை இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதை அங்கே நின்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கக்கூட வார்த்தைகள் வைத்திருந்தேன். வேகன் கதவில் மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தான். அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க யார்டுல மூட்ட தூக்க ஆளு வேணுங்களா சார்? இங்க இவன் ரொம்பப் பேஜாரு பண்றான்."

வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். ஆறு வருஷம் இருந்தார். நான் அவரிடம் மண்டிக் கதையைப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. குமாஸ்தா விலை படிக்கத் தொடங்கினால் மற்ற ஆட்கள் தங்கள் பாட்டுக்கு வேலை பார்ப்பார்கள். அவர் மட்டும் முதுகுச் சுமையை இறக்காமல் இருந்த இடத்திலேயே நிற்பார். குனிந்தபடி, தாம் சுமந்திருக்கும் மூட்டை எந்தக் குவியலோ அதன் விலை வரும்வரை கேட்டுவிட்டு, பிறகு நடப்பார். என் அறை ஜன்னலிலிருந்து அது தெரியும். ஒவ்வொரு சீசனிலும் பார்த்திருக்கிறேன்.

வருஷா வருஷம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பிறப்பின் காரணமாக யாராவது யார்டுக்குள் அனுமதிக்கப்படாமல் போனார்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லிப் போராடியவன் நான்தான். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதில் பொய் ஏதுமில்லை. அவர் ஒரு நாள்கூடத் தவறாமல் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தார்.